வாழ்க்கை நெருக்கடிகள் மனச்சோர்வுள்ள பெண்களின் மூளையைச் சுருக்கிவிடுமா?

"சுருக்கிவிடும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. முதலில் ஒன்று: மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு என்ற நோய் வேறு. பேச்சில் இரண்டையும் குழப்பிவிடுகிறோம்.

ஆய்வுகள் அதிகம் உற்றுப் பார்ப்பது நினைவுக்கு அடிப்படையான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸை. நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை உணரும் ஏற்பிகள் அங்கே ஏராளம். அந்தச் சுரப்பை அடக்கும் வேலையிலும் அதற்குப் பங்குண்டு. அது நலிந்தால் கடிவாளமும் தளரும்.

2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் மனச்சோர்வுள்ள 32 பெண்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 21 பேர் சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளானவர்கள். இவர்களது இடப்பக்க ஹிப்போகாம்பஸ், அத்தகைய அனுபவம் இல்லாத மனச்சோர்வுள்ள பெண்களுடையதைவிடச் சராசரியாக 18 சதவீதம் சிறியதாக இருந்தது. நோய் ஒன்றுதான், கடந்துவந்த வாழ்க்கைதான் வேறு. என்னை மிகவும் யோசிக்க வைத்த முடிவு இது. ஆனால் சிறிய ஆய்வு என்பதை மறக்கக் கூடாது.

காரணம் எது, விளைவு எது? அதே ஆண்டு, வியட்நாம் போர் வீரர்களையும் போருக்குப் போகாத அவர்களது இரட்டைச் சகோதரர்களையும் ஒப்பிட்டார்கள். போரின் அதிர்ச்சியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் இரட்டைச் சகோதரர்களுக்கும் ஹிப்போகாம்பஸ் சிறியதாகவே இருந்தது. அவர்கள் ஆண்கள், நோயும் வேறு. ஆனாலும் பிறவி அமைப்புக்கும் பங்கிருக்கலாம் என்ற ஐயத்தை அது எழுப்பியது. தனி ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து மனச்சோர்வைக் கண்டறிய முடியாது. அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.