ஸ்பிரின்ட்டின் கடைசி இரண்டு நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டராக வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் பிரான்சில். ஸ்பிரின்ட் என்னும் இரண்டு வார வேலைச் சுற்றில் டெவலப்பர்கள் எட்டு நாள் கோடு (நிரல்) எழுதுகிறார்கள். கடைசி இரண்டு நாள்தான் என் கைக்கு வருகிறது. பக் (பிழை) இருக்கிறதென்று சொன்னால் ‘இப்போதா சொல்வது?’ என்கிறார்கள். தவறிப்போனால் ‘டெஸ்டிங் சரியில்லை’ என்கிறார்கள். சிறு சிறு சுற்றாக வேலை செய்யும் இந்த அஜைல் முறையில் தரத்துக்கு யார்தான் பொறுப்பு?

க., ரோஸ் ஹில்

அன்புள்ள க.,

நீங்கள் சொல்வது அஜைலே அல்ல, எல்லாம் எழுதி முடித்த பிறகே சோதிக்கும் பழைய வாட்டர்ஃபால் முறையை இரண்டு வாரத்துக்குள் மடக்கிவைத்தது. செய்து முடித்த பொருளைச் சோதித்துத் தரத்தை வரவழைக்கலாம் என்று நம்பாதீர்கள் என்பது தர மேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கின் 14 அம்சங்களில் மூன்றாவது. அவர் தொழிற்சாலைகளுக்குச் சொன்னார். மென்பொருளுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

உங்கள் வேலையிலிருந்தே பார்ப்போம். ‘பயனர் விலைப்பட்டியல் கோப்பை ஏற்றவேண்டும்’ என்று ஒரு கார்டு (வேலைக்குறிப்பு) வருகிறது. கோப்பில் ஒரு வரி: 1,250. ஆங்கில வழக்கத்தில் ஆயிரத்து இருநூற்றைம்பது. பிரெஞ்சுக்காரருக்கோ அது ஒன்றேகால். இரண்டு வழக்கத்தையும் பார்த்து வளர்ந்த மொரீஷியஸ்காரருக்குத்தான் இந்தச் சந்தேகம் முதலில் வரவேண்டும். கார்டு எழுதும்போதே கேட்டால் ஐந்து நிமிட வேலை. கிடைத்த பதிலை அந்த எண்ணோடு கார்டிலேயே எழுதிவிடுங்கள். டெவலப்பர் அதை முதல் டெஸ்டாக எழுதுவார். கோடு சேரும் ஒவ்வொரு முறையும் அது தானே ஓடும். பத்தாம் நாள் கேட்டால் டேட்டாபேஸ், இன்வாய்ஸ், ரிப்போர்ட் எல்லாவற்றையும் பிரித்துப் போடவேண்டும்.

1998இல் நம் ஊரிலேயே பார்த்தோமே. புதிய ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் தேவநாகரி வந்தது. தமிழர்கள் கொதித்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. வடிவமைப்புத் தாளிலேயே திருத்தியிருந்தால் இரண்டு வரிகளை இடம் மாற்றுவதோடு போயிருக்கும்.

ரிலீஸையும், அதாவது புதிய கோடை வெளியிடுவதையும், விட்டுவிடாதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய கோடு ஏறியிருந்தது. எட்டாவதில் கிடந்த பழைய கோடு இயங்கத் தொடங்கி, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஏற்றியவரின் வேலையை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமே அங்கே இல்லை.

பொறுப்பு யாருக்கு என்கிறீர்கள். முழு அணிக்கும்தான். ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. ஒரு கார்டு எப்போது ‘முடிந்தது’ என்பதை எல்லோரும் உட்கார்ந்து எழுதிவைக்கவேண்டும்: டெஸ்ட் ஓடியிருக்கவேண்டும், இன்னொருவர் கோடைப் படித்திருக்கவேண்டும், நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் டெமோவில் காட்டக்கூடாது.

இதுவரை வந்த பக்குகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எந்தக் கட்டத்தில் பிடித்திருக்கலாம் என்று எழுதுங்கள். குறை சொல்வதுபோல் பெயர் எதையும் போடாதீர்கள். அந்தத் தாளோடு, ஸ்பிரின்ட் முடிவில் நடந்ததை அலசும் ரெட்ரோ கூட்டத்துக்குப் போய், அடுத்த பிளானிங்கில் உங்களுக்கும் ஓர் இடம் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.