"பெட்ஷீட் மாதிரி இருக்கு"ங்கறான் தம்பி!

கேள்வி: அக்கா, அம்மா குவைத்துல வேலை செஞ்சுட்டு வரும்போது ஒரு கம்பளம் கொண்டுவந்தாங்க, நடுவுல பெரிய பூ, சுத்தி மூணு பார்டர். அத பார்த்து அக்ரிலிக்ல பெரிய கென்வஸ்ல அப்படியே வரைஞ்சேன், ரெண்டு மாசம் போச்சு. தம்பி பார்த்துட்டு பெட்ஷீட் மாதிரி இருக்குங்கறான். எங்க பிழை?
- வாசகி, ஹட்டன்

பதில்: தம்பி சொன்னது பாதி சரிதான் தங்கச்சி, கோவிக்காதீங்க. இந்த மாதிரி நடுப்பூ கம்பளத்துக்கு டிசைன் போடுறவங்க கட்டம் போட்ட பேப்பர்ல பல நேரம் கால்வாசிதான் வரைவாங்க, மிச்சத்த திருப்பித் திருப்பிப் போட்டு நெய்ஞ்சிருவாங்க. கீழ விரிக்கிற சாமானுக்கு அது சரி, எந்தப் பக்கம் உக்காந்தாலும் ஒரே மாதிரி தெரியணும்ல. சுவத்துல மாட்டுற படத்துல கால்வாசிய பார்த்ததுமே கண்ணுக்கு வேலை முடிஞ்சிருது.

நான்னா பூவ விட்டுட்டு கம்பளத்துல இருக்கிற கோணல எடுப்பேன். கையால முடிச்சு போட்ட பழைய கம்பளத்துல ஒரே சிவப்பு போய்க்கிட்டே இருக்கும்போது குறுக்கால ஒரு பட்டை மட்டும் வெளிறிப்போய் இருக்கும், அப்ரஷ்னு சொல்லுவாங்க, சாயம் போட்ட நூல் முடிஞ்சு அடுத்த தடவை சாயம் போட்டத எடுக்கும்போது கலர் லேசா மாறிரும், கீழ இருந்து வரி வரியா ஏறுறதால அது குறுக்காலதான் ஓடும். (உங்க வீட்டு கம்பளத்துல தேடாதீங்க, ஓரத்து குஞ்சம் தனியா தச்சிருந்தா அது பெரும்பாலும் மெஷின் சாமான்.) நீங்களும் ஒரே சிவப்ப பூசாம நாலு நாள்ல நாலு தரம் கலந்து கீழ இருந்து பூசிட்டு வாங்க.

லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கிற ஈரானோட அர்தபில் கம்பளம் 1539-40ல முடிச்சது, பத்து மீட்டருக்கு மேல நீளம், அதுலயே நடுப்பூவுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற விளக்கு ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது. ஏன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எனக்கு அந்த ஏத்த இறக்கமே போதும்.

அவ்வளவு தூரம் வேணாம்னா கண்டிக்கு பஸ் ஏறி ஹேனவல போங்க, கற்றாழை மாதிரி இருக்கிற ஹண செடியோட நார்ல தும்பறை பாய் நெய்ற ஊரு, அந்தக் கலை 2021ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்துச்சு. அதுல மிருகம், பறவை எல்லாம் படிக்கட்டு மாதிரி உடைஞ்ச கோட்டுலதான் வரும், தறி வளைய விடாது. பிரஷ்ல வளைக்கலாம்னு தெரிஞ்சும் வளைக்காம வரைஞ்சு பாருங்க.

பூவுக்கு பதிலா தேயிலைக் கொழுந்த மட்டும் வச்சிராதீங்க, கலண்டர் படமாயிரும். பழைய கென்வஸயும் வீசிராதீங்க, ஒரு கால்வாசிய விட்டுட்டு மிச்சத்துக்கு வெள்ளை அடிச்சு அதுலயே ஆரம்பிங்க.