“எப்ப கடிக்கப் பழக்கலாம்?”: வேலை நாய்ப் பயிற்சி, கேள்வி பதில்

ஐஜிபி பயிற்சி பற்றி வந்த கேள்விகளை ஒரே இடத்தில் போட்டுப் பதில் சொல்கிறேன். புதியவர்களுக்கு இரண்டு வரி: ஜெர்மனியில் ஷூட்ஸ்ஹுண்ட் என்று ஆரம்பித்து, ஐபிஓ ஆகி, 2019 முதல் ஐஜிபி என்ற பெயரில் நடக்கும் வேலை நாய்த் தேர்வு இது. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 70 எடுக்க வேண்டும். இரண்டில் 98 வாங்கி ஒன்றில் 69 என்றால் ஃபெயில்தான். காய்ச்சல், வாந்தி, சொறி பற்றிய கேள்விகளை நீக்கிவிட்டேன். அதற்கு டாக்டர் இருக்கிறார்.

மதுரை: அண்ணா, என் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஆறு மாசம். எப்ப கடிக்கப் பழக்கலாம்?

தம்பி, முதலில் பாதுகாப்புப் பகுதியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மைதானத்தில் கூடாரம் மாதிரி மறைவிடங்கள் இருக்கும். ஹெல்பர், அதாவது திருடனாக நடித்து நாயைப் பழக்குபவர், ஒன்றில் ஒளிந்து நிற்பார். நாய் தேடிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் கடிக்கக் கூடாது! எதிரில் நின்று குரைத்துக் காவல் காக்க வேண்டும். அவர் தப்பி ஓடினாலோ தாக்க வந்தாலோதான் கடி, அதுவும் அவர் கையில் மாட்டியிருக்கும் ஸ்லீவ் என்ற தடித்த உறையில் மட்டும். “விடு” என்றதும் விட வேண்டும். முதல் சொல்லுக்கு விடாவிட்டால் இன்னும் இரண்டு முறை சொல்லலாம், மதிப்பெண் போகும். அப்போதும் விடாவிட்டால் அன்றைய தேர்வு முழுக்கப் போச்சு.

நடுவர் பார்ப்பது கடியை மட்டுமல்ல, உங்கள் பேச்சை நாய் கேட்கிறதா என்பதையும். ஆறு மாதக் குட்டிக்குக் கந்தல் துணியை இழுத்து விளையாடக் கொடுங்கள், பிறகு “விடு” சொல்லிக் கொடுங்கள். ஸ்லீவ் வேலை அனுபவமுள்ள ஹெல்பரிடம் மட்டும். வீட்டில் தம்பிக்கு, மாமாவுக்குச் சாக்கைச் சுற்றிவிட்டு நாயை ஏவாதீர்கள். இதை இன்னும் பல முறை சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

திருநெல்வேலி: மோப்பம் எப்படித் தொடங்குவது? எங்க ஊர்ல புல்வெளியே கிடையாது.

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். புல்வெளி தேவையில்லை, உழுது போட்ட நிலம் போதும். கால் பதிந்தால் மண் புரளும், புல்பூண்டு நசுங்கும். அந்த வாசனையும் உங்கள் உடல் வாசனையும் சேர்ந்துதான் தடம். உழுத மண்ணில் காலடி உங்கள் கண்ணுக்கும் தெரியும், நாய் எங்கே விலகுகிறது என்று நீங்களும் பார்க்கலாம்.

முதலில் ஒரு சதுர இடத்தை நன்றாக மிதித்து, வேகவைத்த கோழித் துண்டுகளைப் பொடியாக நறுக்கித் தூவுங்கள். நாய் தலை தூக்காமல் அதைப் பொறுக்கித் தின்னட்டும். சில நாள் கழித்து அந்தச் சதுரத்திலிருந்து நேர்கோட்டில் நெருக்கமாகக் காலடி வைத்து, ஒவ்வொரு அடியிலும் ஒரு துண்டு. நாய் ஒவ்வொரு அடியாக மூக்கைப் பதித்து வரும். வேகமாகப் போனால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். திருப்பம், கிடக்கும் பொருளைக் காட்டுவது எல்லாம் பிறகு. மூன்றாம் நிலைத் தேர்வில் வேறொருவர் நடந்து ஒரு மணி நேரம் ஆன, 600 காலடி நீளத் தடம். நான்கு திருப்பம், மூன்று பொருள். நீங்கள் 10 மீட்டர் கயிற்றின் மறுமுனையில் வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். நாயை விட ஆளுக்குத்தான் அது கஷ்டம்.

ஜெர்மன் வீடியோக்களில் சொல்லாத சில விஷயங்கள். கோழித் துண்டு போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் எறும்பு மொய்த்துவிடும், மூக்கில் கடி வாங்கிய நாய் அடுத்த நாள் தடத்தையே வெறுக்கும். ஆரம்பத்தில் போட்ட கையோடு நாயை விடுங்கள். நெருஞ்சி முள் உள்ள நிலம் வேண்டாம். முடிந்ததும் விரலிடுக்கைப் பாருங்கள். வரப்போரம் பாம்பு இருக்கும், நீங்கள் முதலில் நடந்து பார்த்த பிறகே நாய்.

கோவை: ராட்வீலர், எட்டு மாசம். கடி ட்ரெயினிங் எந்த வயசுல?

மதுரைத் தம்பிக்குச் சொன்னதுதான்.

சென்னை: வேலை முடிந்து வர ஏழு மணி ஆகிறது. காலையில் எட்டு மணிக்குத்தான் நேரம். அது போதுமா சார்?

அம்மா, மார்கழி தை மாதத்தில் போதும். சித்திரையில் எட்டு மணி என்றால் நான் வேண்டாம் என்பேன். இரவு வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு உள்ள மைதானம் போதும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அதுவும் பலிக்காது, சென்னையின் பிரச்சினையே அதுதான். நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். ஓடியாடினால் ஏறும், இறங்கவும் வேண்டும். 106 என்றால் உயிருக்கு ஆபத்து.

நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நிறுத்துங்கள். நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர், மின்விசிறி, பிறகு டாக்டர். இந்த வரிசையில். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். வேலை வெறி உள்ள நாய் தானாக நிற்காது, மாலினோய்ஸ் இன நாய் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தரம் படிக்கவும்.

சாப்பாடு போட்ட உடனே பயிற்சி கூடாது. பெரிய நெஞ்சு உள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

திருச்சி: செயின் போட்டு இழுத்தால்தான் ஹீல் வருகிறது என்கிறார் எங்கள் ட்ரெயினர்.

இழுத்தால் பக்கத்தில் நடக்கும். தேர்வில் உங்கள் முகத்தைப் பார்த்து உற்சாகமாக நடக்க வேண்டும், வால் தொங்கி நடந்தால் மதிப்பெண் குறையும். ட்ரெயினரை மாற்றுங்கள்.

தேனி: எதுக்குங்க ஜெர்மன் நாய்? எங்க கோம்பை ஒண்ணு உங்க மைதானத்து நாய் பத்துக்குச் சமம்.

இதற்குக் கீழே ஈரோட்டுக்காரர் “நாட்டு நாய்க்கு ட்ரெயினிங்கே ஏறாது” என்று எழுத, அடுத்து விருதுநகர் வந்து “வெள்ளைக்காரன் நாயைத் தூக்கிப் பிடிக்காதீங்க” என்று எழுத, மற்றவர்களின் கேள்விகள் அடியில் போய்விட்டன. மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

தேனி சார், உங்கள் கோம்பை தோட்டத்துக்குள் திருடனை விடாது, நம்புகிறேன். அது தானாக முடிவெடுக்கும் நாய். இந்தத் தேர்வில் கேட்பது வேறு: முன்பின் தெரியாத மைதானத்தில், ஊர் பார்க்க, சொன்னால் பாய்ந்து சொன்னால் விட வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டு சங்கத்தை 1899-ல் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் தொடங்கினார். 1901-லேயே வேலைத் தேர்வு வந்துவிட்டது. இதில் தேறியவற்றை இணைசேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வந்த நாய் அது. நம் சிப்பிப்பாறையை முயல் விரட்டத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணால் பார்த்து ஓடுகிற நாய், ஓடும்போது யாரிடமும் கேட்காது. அதை வைத்துக்கொண்டு “மூக்கைத் தரையில் வை” என்றால் முதல் மாதம் உங்களை விநோதமாகப் பார்க்கும்.

ஈரோடு சார், அதற்காக ஏறாது என்று சொல்லாதீர்கள். எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற முதோல் நாய் (கர்நாடகத்து நாட்டு இனம்) 2024 அகில இந்தியக் காவல்துறைப் போட்டியில் மோப்பத் தடம் பிடிப்பதில் முதலிடம் வாங்கியது. முதோலும் கண்ணால் ஓடும் இனம்தான். பயிற்சி கொடுத்தவருக்குப் பொறுமை இருந்திருக்கிறது. ராணுவமும் மீரட்டில் முதோலைப் பழக்கியிருக்கிறது.

விருதுநகர் சார், நான் யாரையும் தூக்கிப் பிடிக்கவில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலை வந்தது, மகிழ்ச்சி. தூய வெள்ளை வேண்டும், ரோஸ் மூக்கு வேண்டும் என்று மட்டுமே பார்த்து இணைசேர்த்ததில் காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன, அதைப் பேசுங்கள். குட்டி வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள், அது தூங்கும்போதும் தட்டிப் பாருங்கள். தோற்றத்தை மட்டும் பார்த்து வளர்த்தால் எந்த தேசத்து இனமும் வேலைத் திறனை இழக்கும். கண்காட்சிக்காக மட்டும் வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்டு சிலவற்றின் முதுகையும் பின்னங்காலையும் பாருங்கள், புரியும்.

இந்தத் திரியில் இனச் சண்டை இத்தோடு போதும்.

சேலம்: டம்பெல்லை எடுத்துட்டு ஓடிடுது, திருப்பித் தரவே மாட்டேங்குது.

டம்பெல் என்பது எறிந்ததும் நாய் கவ்விக்கொண்டு வர வேண்டிய கட்டை. எறிந்துதானே ஆரம்பித்தீர்கள்? எறிவது கடைசி. முதலில் உட்கார்ந்து, வாயில் அமைதியாகப் பிடித்து, நீங்கள் கேட்டதும் தருவது. மென்றால் தேர்வில் மதிப்பெண் போகும். முதல் நிலையில் டம்பெல் 650 கிராம்தான், மூன்றாம் நிலையில் தரையில் எறிவது 2 கிலோ. கெட்டியாகப் பிடிக்கப் பழகாத நாய் அதைத் தூக்க முடியாமல் கீழே போடும். தாண்ட வேண்டிய தடுப்பு ஒரு மீட்டர். ஒரு வயதுக்குள் அந்த உயரத்தைத் தாண்ட வைக்காதீர்கள், வளரும் எலும்பின் முனை பாதிக்கும்.

வேலூர்: தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டுப் பழகிடுமா? தேர்வுல துப்பாக்கிச் சத்தம் உண்டாமே.

உண்டு. ஆனால் தீபாவளி பயிற்சி இல்லை, தண்டனை. அன்று கதவைச் சாத்தி உள்ளே வையுங்கள். பழக்குவது தூரத்தில், மெதுவான சத்தத்தில், நாய் விளையாடிக்கொண்டிருக்கும்போது.

ஓசூர்: கடிக்க வைக்க எவ்வளவு நாள் ஆகும்?

மேலே போய்ப் படிக்கவும். வீட்டில் சாக்கு வேண்டாம்.

தஞ்சாவூர்: பயிற்சி முடிச்சா போலீஸ்ல வேலை கிடைக்குமா?

நாய்க்கா, உங்களுக்கா? காவல்துறை தன் நாய்களைத் தானே வாங்கிப் பழக்குகிறது. மாவட்ட மோப்ப நாய்ப் பிரிவில் கேளுங்கள்.

மறுபடி தேனி: சரி, கோம்பையக் கூட்டிட்டு வரேன். எதுல தொடங்குறது?

வாருங்கள், எந்த இனத்துக்கும் தடையில்லை. ஐஜிபிக்கு முன்னால் பிஎச் என்று ஒரு தேர்வு உண்டு. 15 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். கயிற்றோடும் கயிறில்லாமலும் பக்கத்தில் நடப்பது, உட்காருவது, படுப்பது, கூப்பிட்டால் வருவது. வேறு நாய் மைதானத்தில் வேலை செய்யும்போது உங்கள் நாய் படுத்த இடத்திலேயே கிடக்க வேண்டும். கோம்பைக்கு அதுதான் சிரமம். பிறகு தெருவில் சைக்கிள், ஆள் கூட்டம், மற்ற நாய்கள் நடுவே அமைதியாகப் போவது. இதில் தேறி, 18 மாதமும் ஆன பிறகுதான் ஐஜிபி முதல் நிலை.

முதல் நாள் தடுப்பூசிப் புத்தகம், தண்ணீர்க் கிண்ணம், சாதாரணத் தட்டைக் கழுத்துப்பட்டை, இரண்டு மீட்டர் கயிறு. உண்ணி இருந்தால் மருந்து போட்டு, தெளிந்த பிறகு வரவும். பந்தயம் எதுவும் கட்டிவிட்டு வராதீர்கள், விருதுநகர்க்காரரும் வருகிறாராம்.