கையெழுத்துப் போட்டால்தான் வீடு பார்க்க முடியுமா?

தம்பி, டெக்சாஸில் டாலஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது, ஃபிரிஸ்கோ பக்கம் வீடு தேடுகிறோம், முதல் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே ஏஜென்ட் ஒரு நீளமான அக்ரிமென்டை அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார், ஏதாவது ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்று வேலை இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் அவர் உங்களுக்கு வீட்டைத் திறந்து காட்டக் கூடாது. ஆனால் அவர் அனுப்பியதில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

இது புதிதாக வந்த நடைமுறை. நான் 2015-இல் பிளேனோவில் வீடு வாங்கியபோது எங்கள் ஏஜென்டின் கமிஷன் விற்பவர் பக்கத்திலிருந்தே போய்விட்டது. எவ்வளவு என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த முறையை எதிர்த்து மிசௌரியில் வீடு விற்றவர்கள் போட்ட வழக்கில் 2023 அக்டோபரில் ஜூரி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2024 மார்ச்சில், எதிர்த்தரப்பில் இருந்த ஏஜென்ட்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் 41.8 கோடி டாலர் தருவதாகச் சமரசத்துக்கு வந்தது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17-இலிருந்து வீட்டைக் காட்டும் முன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வீடியோ காலில் சுற்றிக் காட்டினாலும் சரி. யாரும் வந்து பார்க்கலாம் என்று வீட்டைத் திறந்து வைக்கும் ஓப்பன் ஹவுஸுக்கு நீங்களாகப் போனாலோ, ஏஜென்டிடம் பேசி விவரம் கேட்டாலோ தேவையில்லை.

உங்களுக்கு வந்ததில் இரண்டு காகிதம் இருக்கும். ஒன்று, புரோக்கர் சேவைகளைப் பற்றி டெக்சாஸில் எல்லாருக்கும் கொடுக்கிற தகவல் தாள். அதில் போடும் கையெழுத்துக்குப் படித்தேன், பெற்றுக்கொண்டேன் என்பதற்கு மேல் பொருளில்லை. இன்னொன்று, ஏஜென்டோடு நீங்கள் போடும் ஒப்பந்தம். அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

அதில் முதலில் கமிஷன் தொகையைப் பாருங்கள். "விற்பவர் தருவது எதுவோ அது" என்றோ "2 முதல் 3 சதவீதம்" என்றோ எழுதக் கூடாது. ஒரே தொகையாகவோ ஒரே சதவீதமாகவோ தெளிவாக இருக்க வேண்டும். கமிஷனைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, பேசித் தீர்மானிக்கலாம் என்ற வரியும் கண்ணில் படும்படி அதிலேயே இருக்க வேண்டும். அந்த வரி உங்களுக்காகத்தான் இருக்கிறது, தயங்காமல் பேசுங்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 லட்சம் டாலர் வீடு, 2.5 சதவீதம் என்றால் 12,500 டாலர். விற்பவர் 2 சதவீதம் தர ஒப்புக்கொண்டால் 10,000 அங்கிருந்து வரும். மீதி 2,500 உங்கள் கையிலிருந்து. அவர் எதுவுமே தராவிட்டால் முழுத் தொகையும் உங்கள் தலையில். இதைப் பொதுவாக வீட்டு லோனோடு சேர்க்க முடியாது. டவுன் பேமென்ட், வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றி முடிக்கும் குளோசிங் செலவு, இவற்றுக்கு மேல் ரொக்கமாக வேண்டும். நம் ஆட்கள் பலர் இருக்கிற சேமிப்பையெல்லாம் டவுன் பேமென்டில் போட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஆஃபர் எழுதும்போதே ஏஜென்ட் கமிஷனை விற்பவர் தர வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். மறுபக்கம், விற்பவர் 3 சதவீதம் தந்தாலும் உங்கள் ஏஜென்ட் எழுதிய 2.5-க்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் காலமும் இடமும். போன வருடம் நாங்கள் பெரிய வீட்டுக்கு மாற நினைத்தபோது ஒரு ஏஜென்ட் ஒப்பந்தத்தைப் போனுக்கு அனுப்பினார். மஞ்சள் பட்டனைத் தொட்டால் அடுத்த பக்கம், இன்னொரு தொடலில் இனிஷியல். நான் பாதி தூரம் போய்விட்டேன். மனைவிதான் போனை வாங்கி முதலிலிருந்து படித்தாள். காலம் ஆறு மாதம், இடம் டெக்சாஸ் மாநிலம் முழுவதும்! ஒரே ஒரு வீட்டைப் பார்க்கத்தான் அன்று கிளம்பியிருந்தோம். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும், ஒரு வாரத்துக்கு மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டோம். பத்து நிமிடத்தில் மாற்றி அனுப்பினார். ஆள் பிடித்துப்போனதால் பிறகு மூன்று மாதத்துக்கு, இரண்டு கவுன்டிகளுக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) எழுதிக்கொண்டோம். நீங்களும் இப்படிச் சின்னதாகத் தொடங்குங்கள்.

புது வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இது முக்கியம். செலீனா, பிராஸ்பர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு மாடல் வீடு பார்க்கப் போய், வாசலிலேயே பெயர், போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிடுவோம். முதல் தடவை ஏஜென்ட் கூட வராவிட்டால் அவருக்குக் கமிஷன் தரமாட்டோம் என்பது பல பில்டர்களின் விதி. ஆனால் உங்கள் அக்ரிமென்ட் புது வீடுகளையும் சேர்த்திருந்தால், பில்டர் தராத கமிஷனை நீங்கள் தர வேண்டியிருக்கும். போவதற்கு முன் ஏஜென்டுக்கு ஒரு போன் செய்து பெயரைப் பதியச் சொல்லிவிடுங்கள். வாங்கினால் கமிஷனில் இவ்வளவு திருப்பித் தருகிறேன் என்று உங்கள் ஏஜென்ட் வாயால் சொல்லியிருந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. இவர் மூலமாக மட்டும்தான் வாங்குவேன் என்று ஒருவரோடு பிரத்யேக ஒப்பந்தம் போட்டபின் கோயிலில் பழக்கமான இன்னொரு ஏஜென்ட் அன்போடு கூப்பிடுகிறாரே என்று அவரோடு போய் அங்கேயும் கையெழுத்துப் போட்டால், இருவருக்கும் கமிஷன் தர வேண்டிய நிலை வரலாம். முகதாட்சண்யம் பார்க்காமல், ஏற்கெனவே ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதல் ஏஜென்டோடு ஒத்துவராவிட்டால் போனை எடுக்காமல் இருப்பது தீர்வாகாது. உங்கள் ஒப்பந்தம் அவர் வேலை செய்கிற புரோக்கர் நிறுவனத்தோடுதான். அங்கே எழுதிக் கேட்டு, விடுவித்ததாக எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைதானே வீடு பார்க்கப் போகிறீர்கள், நேரம் இருக்கிறது. போனில் படிக்காமல் ஆபீஸில் பிரின்ட் எடுத்து, தொகை, முடியும் தேதி, எந்தெந்த ஊர், விற்பவர் தராவிட்டால் யார் தருவது என்ற நான்கு இடத்தையும் பேனாவால் வட்டமிட்டு ஏஜென்டிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை இங்கே எழுதினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.