நாணயங்களை வீட்டிலேயே படமெடுத்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாயைக் கைப்பேசியில் எடுத்தால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டும் சுற்றிலும் கருமையும்தான் பதிகின்றன. நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. நாணயத்தின் வழவழப்பான சமதளம் எதிரே உள்ளதைப் பிரதிபலிப்பதால், ஃபிளாஷ் வெள்ளைத் திட்டாகவும், மேலே கவிந்திருக்கும் கைப்பேசி கருமையாகவும் பதிகின்றன. ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஒரே வகை எல்இடி பல்பு பொருத்திய இரண்டு மேசை விளக்குகளை, கடிகாரத்தில் 10 மணியும் 2 மணியும் இருக்கும் திசைகளில் வையுங்கள். கைப்பேசியை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் நிழலும் விலகும், வட்டமும் கோணாது.

மற்றதை விளக்கின் உயரமே தீர்மானிக்கிறது. தேய்ந்த நாணயத்துக்கு விளக்கைத் தாழ்த்துங்கள். புதுக்கருக்கு அழியாத நாணயத்துக்கு லென்ஸை ஒட்டி உயர்த்துங்கள். விளக்கின் முன் பட்டர் பேப்பர் கட்டி ஒளியை மென்மையாக்கும் வழக்கம் தேய்ந்த காசுக்குப் பொருந்தும். ஆனால் புத்தம் புதிய வெள்ளியில், அச்சின் அழுத்தத்தால் உலோகம் பரவியபோது உண்டான நுண்வரிகளில் மின்னிச் சுழலும் ஒளிக்கீற்று அதனால் மங்கிவிடும். நாணயத்தின் தரத்தை அந்தக் கீற்றைக் கொண்டே பெரிதும் மதிப்பிடுகிறார்கள் என்பதால், அதை இழந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதை நல்ல படமாகக் கொள்ளமாட்டேன்.

கேள்வி: 1911ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் குழிந்திருப்பதுபோல் தெரிகிறதே?

பதில்: விளக்கு மோவாய்ப் பக்கம் இருந்திருக்கும். ஒளி மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்வதால், கீழிருந்து ஒளி பட்டால் மேடு பள்ளமாகத் தோன்றும். எடுத்து முடித்த படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் இதே மயக்கம் நேரும். ஆகவே விளக்கு எப்போதும் மகுடத்தின் பக்கமே இருக்கட்டும். மன்னரின் மேலங்கியில் உள்ள சிறு யானை பன்றியைப் போல் இருப்பதாக எதிர்ப்பு எழுந்து, 1912இல் அச்சு திருத்தப்பட்டது. சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அந்த யானையைத்தான் என்பதால், அந்த இடத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் ஒன்றையும் சேருங்கள்.

கேள்வி: ராஜராஜ சோழன் செப்புக்காசு கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துவிட்டுப் படமெடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தக் கறுப்பு, செம்பின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த மேற்பூச்சு. புளியின் அமிலம் அதை அரித்துவிட்டால் திரும்ப வராது, காசின் மதிப்பும் சரிந்துவிடும். ஊதுகுமிழால் தூசியை மட்டும் அகற்றி, விளிம்பைப் பிடித்துத் தூக்கி வையுங்கள். ஒரே விளக்கை மேசை மட்டத்துக்கு அருகே சாய்த்து, காசை மெல்லத் திருப்பிக்கொண்டே பார்த்தால், ஏதேனும் ஒரு கோணத்தில் அமர்ந்த உருவத்தின் அருகிலுள்ள நாகரி எழுத்துகள் எழுந்து நிற்கும். அந்தக் கணத்தில் எடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் செம்பு ஒரு பக்கம் நீலம் பூத்துத் தெரியும், ஜன்னலை மூடிவிடுங்கள். பின்னணி வெளிர்சாம்பல் தாளாக இருக்கட்டும். வெள்ளைத் தாளில் வைத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதால், ஏற்கெனவே கறுத்த காசு மேலும் இருண்டுவிடும்.

கேள்வி: மும்பை நாணயச் சாலையின் ப்ரூஃப் (தளம் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்ட) நினைவு நாணயத்தை எப்படி எடுத்தாலும் என் முகம் தெரிகிறது.

பதில்: லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவே மெல்லிய தெளிவான கண்ணாடித் துண்டு ஒன்றை 45 பாகை சாய்த்து நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டுங்கள். ஒளியின் ஒரு பகுதி கண்ணாடியில் பட்டு நேர் கீழே இறங்கி, நாணயத்தில் பட்டுத் திரும்பி, கண்ணாடியை ஊடுருவி லென்ஸை அடையும். தளம் முழுதும் சீராக ஒளிரும். விளக்கின் நேரடி ஒளி நாணயத்தில் விழாதபடி கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும். லென்ஸை அடையும் ஒளி மிகக் குறைவு என்பதால் டிரைபாடும் டைமரும் இன்றியமையாதவை.

கேள்வி: ஸ்கேனர் போதாதா?

பதில்: எழுத்தையும் ஆண்டையும் பதிவு செய்யப் போதும். பளபளப்பு அதில் பெரும்பாலும் பதியாது. மெல்லிய வகை ஸ்கேனர்களில் கண்ணாடியைத் தொடாத பகுதிகள் மங்கலாகவும் விழும்.