கால்நடை கேள்வி - பதில்: ஈரலுக்குள் நுழையும் இரண்டு குழாய்கள்

கேள்வி (தேவிபட்டினம் வாசகர்): பல ஆண்டுகளாக ஆட்டுக்கறிக் கடை நடத்தி வருகிறேன். ஈரலை எடுக்கும்போது அதற்குள் ஒரு தடித்த இரத்தக் குழாயும் ஒரு மெல்லிய குழாயும் நுழைவதைப் பார்க்கிறேன். ஒரே உறுப்புக்கு எதற்கு இரண்டு? சில ஆடுகளின் ஈரலில் நீர் நிறைந்த வெண்கட்டிகள் இருக்கின்றன. பல நேரங்களில் அதே ஆட்டின் நுரையீரலிலும் அவை தென்படுகின்றன. அத்தகைய ஈரலை விற்காமல் தெருநாய்களுக்குப் போட்டுவிடுகிறேன். அது சரிதானே?

பதில்: சரியன்று. அதை நாய்க்கு ஒருபோதும் போடாதீர்கள். அதற்கான காரணம் நீங்கள் பார்த்த அந்தத் தடித்த குழாயிலேயே இருக்கிறது.

மெல்லியது கல்லீரல் தமனி. இதயத்திலிருந்து ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டுவருகிறது. தடித்தது போர்ட்டல் சிரை. உடலின் பிற பகுதிகளிலிருந்து திரும்பும் சிரை இரத்தம் நேரே இதயத்தை நோக்கிச் செல்ல, இரைப்பைகள், குடல், கணையம், நீங்கள் சுவரொட்டி என்று விற்கும் மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தம் மட்டும் இந்தச் சிரையில் ஒன்றுகூடி முதலில் ஈரலுக்குள் போகிறது. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வழியாகத்தான் வருகிறது. ஆடு தின்றதில் குடல் உறிஞ்சியவற்றில் பெரும்பகுதி, நல்லதும் கெட்டதும், ஈரலைக் கடந்த பிறகே உடலுக்குப் போகிறது. கொழுப்பின் பெரும்பங்கு மட்டும் நிணநீர் வழியாக வேறு பாதையில் செல்கிறது.

உள்ளே ஈரல் முழுவதும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள அறுகோண நுண்கதுப்புகளால் ஆனது. பன்றி ஈரலில் அவற்றின் எல்லைகள் கண்ணுக்கே தெரியும். ஆட்டு ஈரலில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஒவ்வொரு கதுப்பின் மூலைகளிலும் தமனியின் கிளையும் போர்ட்டல் சிரையின் கிளையும் வந்து சேர, இரண்டு இரத்தமும் கலந்து, ஈரல் செல்களுக்கு இடையிலான மெல்லிய வழிகளில் மெதுவாக நடுவிலுள்ள சிரையை நோக்கிக் கசிகின்றன. அந்த வழிகளின் சுவரில் அமர்ந்திருக்கும் குப்ஃபர் செல்கள், குடலிலிருந்து தப்பி வரும் நுண்ணுயிர்களை விழுங்கிவிடுகின்றன. ஈரல் செல்கள் சுரக்கும் பித்தநீரோ எதிர்த்திசையில், நடுவிலிருந்து மூலைகளை நோக்கி ஓடுகிறது. நடுச்சிரைகள் ஒன்றுசேர்ந்து கல்லீரல் சிரைகளாகி, பெருஞ்சிரை வழியே இதயத்தை அடைகின்றன.

அசைபோடும் விலங்குகளில் இந்த அமைப்புக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. ஆடு தின்னும் தழையின் மாவுச்சத்தையும் நாரையும் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் சிறு அமிலங்களாக்கிவிடுவதால், அதன் குடலிலிருந்து சர்க்கரை மிகக் குறைவாகவே கிடைக்கிறது. அந்த அமிலங்களில் ஒன்றான புரோப்பியோனிக் அமிலத்தைக் கொண்டு ஈரல்தான் இரவும் பகலும் குளுக்கோஸ் தயாரிக்க வேண்டும். பெருவயிற்றில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவதும் ஈரலே. வயலோரம் வைத்த யூரியா மூட்டையை ஆடு நக்கிவிட்டால், ஈரல் சமாளிக்கும் அளவையும் மீறி அம்மோனியா இரத்தத்தில் ஏறுகிறது; சில மணி நேரத்துக்குள் ஆடு துடித்து இறந்துபோவது அதனால்தான்.

இனி உங்கள் வெண்கட்டிகள். நாயின் குடலில் ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட எட்டாத ஒரு நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டை நாயின் மலத்தோடு கண்மாய்க் கரைப் புல்லில் விழுந்து ஆட்டின் வயிற்றுக்குள் போகிறது. குடலில் பொரிந்த இளம்புழு குடற்சுவரைத் துளைத்துப் போர்ட்டல் சிரையில் இறங்கினால், முதலில் சிக்கும் சல்லடை ஈரல்தான். அங்கே தங்கி நீர்க்கட்டியாக வளர்கிறது. ஈரலைத் தாண்டித் தப்பியது இதயத்தின் வலப்பக்கம் வழியாக அடுத்த சல்லடையான நுரையீரலில் தங்குகிறது. அந்த இரண்டு உறுப்புகளிலும் நீங்கள் கட்டிகளைக் காண்பது இந்த வரிசையால்தான். கட்டியுள்ள ஈரலை நாய் தின்றால் அதன் குடலில் ஆயிரக்கணக்கான புழுக்கள் உருவாகி, முட்டைகள் மறுபடியும் மேய்ச்சல் நிலத்துக்கு வருகின்றன. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிடும் குழந்தைக்கும் இதே கட்டி வரக்கூடும் என்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. ஆகவே அந்த ஈரலையும் நுரையீரலையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். வளர்ப்பு நாய்களுக்குக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பிரசிகுவான்டல் மருந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

ஈரலில் காணும் எல்லாப் புழுவும் இந்தச் சிரை வழியாக வருவதில்லை. கண்மாய் நத்தைகளால் பரவும் தட்டைப்புழுவின் குஞ்சு, குடலைத் துளைத்து வயிற்றறைக்குள் இறங்கி, ஈரலின் வெளியுறையைக் கிழித்து உள்ளே நுழைந்து, கடைசியில் பித்தக்குழாய்களில் குடியேறுகிறது. இலை வடிவப் புழுவும் தடித்துப்போன பித்தக்குழாய்களும் தென்பட்டால் அது இந்த நோய்.

கேள்வி (பாம்பன் வாசகர்): சுறாவின் ஈரல் மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாக, எண்ணெய் நிறைந்ததாக இருக்கிறது? அதற்கும் ஆட்டைப் போலத்தான் இரத்தம் போகிறதா?

பதில்: ஆம், சுறாவிலும் குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாகவே ஈரலுக்குப் போகிறது. ஆனால் சுறாவுக்கு மற்ற மீன்களைப் போன்ற காற்றுப்பை இல்லை. தண்ணீரைவிட இலேசான எண்ணெயை ஈரலில் சேர்த்துவைத்தே அது மூழ்காமல் மிதக்க உதவி பெறுகிறது. சில வகைகளில் உடல் எடையில் கால் பங்குவரைகூட ஈரலே இருக்கும். முன்பு வள்ளத்துப் பலகைகளுக்குப் பூசப்பட்ட சுறா எண்ணெய் அந்தச் சேமிப்புதான்.

ஆட்டின் ஈரலைப் போலவே சுறாவின் ஈரலும் யூரியா தயாரிக்கிறது. கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க, சுறா அந்த யூரியாவை வெளியேற்றாமல் இரத்தத்திலும் சதையிலும் தேக்கி வைத்துக்கொள்கிறது. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றுவதால்தான் பழைய சுறாவில் மூக்கைத் துளைக்கும் வாடை வருகிறது. வலையிலிருந்து எடுத்தவுடன் குடலை நீக்கி, இரத்தம் வடியவிட்டு, கழுவி ஐஸில் வைத்த சுறாவில் அந்த வாடை வெகுவாகக் குறைந்திருக்கும்.