நூறு வருடச் சுவரில் நெட்டுக்குத்து விரிசல்: வாசகர் கேள்விகள்

கே: சிங்கப்பூரில் எங்கள் கடைவீடு நூறு வருடமாக நிற்கிறது. “இனிமேலா விழப்போகிறது?” என்கிறார் அப்பா. சரிதானா?

நின்ற வருடக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. இத்தாலியில் பாவியா நகரத்துச் செங்கல் கோபுரமும் பல நூறு வருடம் நின்றதுதான். 1989 மார்ச் 17 அன்று, நிலநடுக்கம் எதுவும் இல்லாமலே சரிந்து நான்கு பேரைக் கொன்றது. தன் எடையையே நெடுங்காலம் சுமந்து சுவர் உள்ளுக்குள் நொந்துபோனதுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். இதற்குப் பெயர் ‘க்ரீப்’. சுமை, சுவரின் தாங்குதிறனில் ஏறக்குறையப் பாதியை எட்டிவிட்டால், அதற்குமேல் கூடாவிட்டாலும் நுண்விரிசல்கள் மெல்ல வளரும். கடைசிக் கட்டத்தில் வேகம் பிடிக்கும்.

இரண்டு மூன்று மாடிக் கடைவீட்டில் பொதுவாக அவ்வளவு அழுத்தம் வராது. சுமை குவியும் இடங்களைத்தான் பார்க்க வேண்டும்: ஐந்தடிப் பாதை எனப்படும் கடை முன் நடைவழியின் தூண்கள், இரண்டு கதவுகளுக்கு நடுவே மிஞ்சிய ஒல்லிச் சுவர், கடையை அகலமாக்க யாரோ சுவரை உடைத்துப் போட்ட உத்தரத்தின் முனை.

கே: எந்த விரிசலுக்குப் பயப்படுவது?

பூச்சில் வலைபோல ஓடுவதை விடுங்கள். படிப்படியாகச் சாய்ந்து ஏறினால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். அது வேறு நோய். செங்கல்லையே பிளந்து, நெட்டுக்குத்தாக, பக்கம் பக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள்தான் க்ரீப்பின் அடையாளம். கூடவே தூண் பிதுங்கியிருந்தால் அன்றைக்கே முட்டுக் கொடுத்துப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கே: சிமெண்ட் பூசினால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். தூணுக்குள் கம்பி வைக்க வேண்டும் என்கிறார் பொறியாளர்.

பொறியாளர் பக்கம்தான் நான். சிமெண்ட் விரிசலை மறைக்கும், அவ்வளவுதான். நம் ஊர் ஈரத்தில் அது தண்ணீரை உள்ளே அடைத்துவைத்து, உப்பு பூத்துச் செங்கல் பொடிந்துபோகவும் வழிசெய்யும்.

கம்பி முறையில், சில செங்கல் வரிசைகளுக்கு ஒரு முறை நடுவே உள்ள கிடைமட்டச் சாந்தைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுப்பார்கள். அதில் ஒல்லியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியையோ கார்பன் இழைப் பட்டையையோ வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் மூடுவார்கள். சாதாரண இரும்பு துருப்பிடித்து உப்பி இணைப்பையே பிளக்கும், வேண்டாம். சுமையால் செங்கல் பக்கவாட்டில் விரியப் பார்க்கும்போது கம்பி இழுத்துப் பிடிக்கும். விரிசல் வளர்வது தணியும். தாங்குதிறன் பெரிதாகக் கூடிவிடும் என்று எண்ணி மேலே தண்ணீர்த் தொட்டி ஏற்றிவிடாதீர்கள்! மிகவும் நொந்த தூணுக்கு இது மட்டும் போதாது. சுற்றிலும் பட்டை கட்டுவதோ சுமையைக் குறைப்பதோ தேவைப்படும்.

கே: செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை கலந்து பூசினார்களாமே? அது சுவருக்கு வலு தருமா?

இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த அந்தத் தேவாலயத்தில் பூசிய அந்தக் கலவைக்குப் பெயர் மெட்ராஸ் சுண்ணாம்பு. அழகான மேற்பூச்சு. சுமை தாங்காது.

கே: அனுமதி வேண்டுமா?

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் முதலில் கேளுங்கள். சுமைதாங்கும் சுவரில் கைவைப்பதற்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளும் உண்டு. தகுதிபெற்ற பொறியாளர் மூலமாகவே போங்கள். நடுச்சுவர் பக்கத்து வீட்டாருக்கும் பொது என்றால், சுரண்டத் தொடங்குமுன் அவரிடமும் பேசிவிடுங்கள்.